உலை ஆறட்டும், நைனா

பாப்பா,

பஜார் மத்தியானத்தில் கண்ணயர்ந்து கிடக்கிறது. வெயிலுக்குப் பயந்து ஒருத்தரும் கடைப்பக்கம் வரவில்லை. இந்த நேரத்தை விட்டால் எனக்கு வேறு நேரம் வாய்க்காது. வீட்டில் உன் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கால் வைக்க இடமில்லாமல் நிறைந்திருக்கிறார்கள். உன்னிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசலாம் என்று கதவோரம் வந்து நின்றால், உன் அத்தைமார்களில் ஒருத்தி எங்கிருந்தோ வந்து, "இன்னாண்ணே, பொண்ணு போவப் போவுதுன்னு இப்பவே கண்ணு கலங்குதா" என்று கேலி செய்கிறாள். நான் எங்கே கலங்கினேன்? உண்மையைச் சொல்கிறேன், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அழுகையே வரவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவன் தோளைத் தேய்த்துக்கொண்டு நிற்பானே, அப்படி இருக்கிறது. உன்னைக் கட்டிக் கொடுப்பதால் வந்த நிம்மதி என்று உன் அம்மா நினைக்கிறாள். அது இல்லை என்பது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்றுதான் முதலில் இருந்தேன். இப்போது எல்லாருக்கும் தெரியட்டும், இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு என்று தோன்றிவிட்டது.

நம்முடையது காயலாங்கடை. ஓட்டைப் பாத்திரமும் உடைந்த சைக்கிளும் பழைய பேப்பரும் வாங்கி விற்கிற கடை. பெயர்ப்பலகையில் என்ன பெயர் எழுதி வைத்தாலும் செஞ்சியில் யாரும் அதைச் சொல்லி அடையாளம் காட்ட மாட்டார்கள். வீட்டுக்கு வீடு டிவியும் கம்ப்யூட்டரும் கைக்குக் கை செல்போனும் வந்த பிறகு, அதெல்லாம் செத்து நம் கடைக்குத்தான் வந்தது. பிளாஸ்டிக்கை உடைத்து ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், அந்தப் பச்சை நிற போர்டுகள் ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவோம். ஒயரை என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். ஊரில் மற்ற கடைக்காரர்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன். ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினால் ரப்பர் எரிந்து செம்பு நிற்கும். ஒருமுறை காலேஜிலிருந்து லீவுக்கு வந்த நீ, நான் ஆசையாகக் கிட்டே வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சட்டையோட என்னைத் தொடாத நைனா. இது இன்னா புகைன்னு உனக்குத் தெரியுமா" என்று கேட்டாய். தெரியாது என்றேன். நீ உட்கார வைத்துச் சொன்னாய். அதோடு கொளுத்துவதை விட்டேன். பெரிய ஞானம் வந்து விடவில்லை, பெற்ற பெண் கிட்டே வரமாட்டேன் என்கிறாளே என்றுதான் விட்டேன்.

படித்து முடித்து ஏதாவது பெரிய கம்பெனிக்குப் போவாய் என்று பார்த்தால், நீ நேராகக் கடைக்கு வந்து போர்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டாய். தொண்டூர் போகிற வழியில் கொட்டகை போட்டு உலை கட்டப் போகிறேன், இந்த போர்டுகளிலிருந்து நம் ஊரிலேயே செம்பு எடுக்கலாம் என்றாய். "கொளுத்தக் கூடாதுன்னு சொன்னவ நீதானே" என்று கேட்டேன். அப்போது நீ சொன்னதை நான் இப்போது யார் கேட்டாலும் என் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். நெருப்பு வெளியே இருக்கும், போர்டு உள்ளே மூடிக் கிடக்கும். உள்ளே காற்று போகாது. காற்று இல்லாவிட்டால் எதுவும் பற்றி எரியாது, வேகும். போர்டில் இருக்கிற பிசின் மட்டும் ஆவியாகக் கிளம்பும். அந்த ஆவியைக் குழாயில் பிடித்து இன்னொரு அறைக்குள் விட்டு, அங்கே கடும் சூட்டில் எரித்து, சட்டென்று குளிர வைத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, அப்புறம்தான் வெளியே விடுவது. பெட்டிக்குள் மிஞ்சுவது கருகிய கண்ணாடி நாரும், அதன் நடுவே தகடு தகடாகச் செம்பும். நம் பக்கத்தில் வேலிக்காத்தான் மரத்தை வெட்டி அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. எனக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கியதாக நினைத்துக்கொண்டேன்.

அனுமதி எல்லாம் நீயே அலைந்து வாங்கினாய். அதைவிடக் கடினமான அனுமதி பக்கத்து நிலத்து அஞ்சலையிடம் இருந்தது. கொட்டகையை ஒட்டித்தான் அவள் மல்லாட்டை பிடுங்கிக் கடலையைக் காய வைக்கிற களம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தெருவே திரண்டு வரும். ஏரிக்கரையில் நான் கொளுத்திய காலத்தில் அந்தப் புகை அவள் வீட்டுக்கும் போயிருக்கிறது. நீயும் நானும் போய் நின்றபோது உன்னைப் பார்த்து நன்றாகத்தான் பேசினாள். "பொண்ணு படிச்சிருக்குது, நான் ஒண்ணும் சொல்லல. நல்லா இரும்மா. ஆனா ஒருநாள் கரும்புகை எம் மல்லாட்டை மேல வந்துச்சுன்னு வெச்சிக்க, அன்னிக்கே பூட்டுப் போட்டுடுவோம். அப்புறம் உங்க நைனா வந்து அஞ்சலை அஞ்சலைன்னு நிக்கக் கூடாது." நீ சரி என்று தலையாட்டினாய். இரண்டு வருஷமாக நீ ஓடிய ஓட்டம், உன் அம்மாவின் நகை, பேங்குக் கடன், எல்லாம் அந்த ஒரு வாக்குக்குள் அடங்கியது. முதல் உலையில் கரும்புகை வந்தால் இரண்டாவது உலை கிடையாது.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரிந்த கதைதான். என் பக்கத்திலிருந்து கேள்.

உலை மூட்ட நாள் பார்த்தது நான். வியாழக்கிழமை காலையில் மூட்டுவது, வெள்ளிக்கிழமை காலையில் திறப்பது. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் திறந்து முதல் செம்பை எடுத்து மஞ்சள் துணியில் சுற்றி மேல்மலையனூருக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துவிட்டு வருவது. இதுதான் என் ஏற்பாடு. உன்னிடம் கேட்டேனா என்றால் கேட்டேன். நீ, "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆறிடும்னுதான் நெனைக்கிறேன் நைனா" என்றாய். அந்த ‘நெனைக்கிறேன்’ என் காதில் விழவே இல்லை. ஆறிவிடும் என்பது மட்டும் விழுந்தது. பஜார் முழுக்கச் சொல்லிவிட்டேன். சாமியானா, நாற்காலி, கேசரி, காபி. நகைப்பட்டறை ஆசாரி சின்னத் தராசோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். செல்போனில் தங்கம் இருக்கிறதாம் என்று யாரோ சொல்லி, உலையைத் திறந்தால் தங்கம் ஒழுகும் என்று பாதிப் பேர் நம்பிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களை அப்படி நம்பவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. பழைய இரும்பு எடை போட்டவனை முன்வரிசையில் உட்கார வைத்து எல்லாரும் மரியாதை செய்கிறார்கள் என்றால் சும்மாவா?

வியாழக்கிழமை எந்தக் குறையும் இல்லை. புகைபோக்கியின் நுனியில் வெறும் காற்று ஆடுகிறது, அவ்வளவுதான். அஞ்சலை களத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "எரியுதா இல்லையாம்மா?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தது வினை. மீட்டரில் சூடு இறங்கவே மாட்டேன் என்கிறது. புதுச் செங்கல், முதல் தடவை. சாயங்காலம் ஆனாலும் நம் கோட்டைப் பாறையில் உட்கார முடியாதே, அது மாதிரி பகலெல்லாம் குடித்த சூட்டை வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. நீ மீட்டரைப் பார்க்கிறாய், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். பூசாரி தேங்காய் உடைத்துவிட்டார். கூட்டம் எழுந்து உலையைச் சுற்றி வந்துவிட்டது. நான் உன் காதருகில் வந்து மெதுவாக, "தொறந்துடும்மா, நேரம் போவுது" என்றேன்.

"சூடா இருக்குது நைனா. ஆறட்டும்."

"எப்ப ஆறும்?"

"தெரியல. சாயங்காலம் ஆவலாம்."

"சாயங்காலமா? இத்தினி பேரை வெச்சிக்கினு இன்னா பேசுற நீ? கொஞ்சமா தொற. ஒரு தகடு எடுத்துக்கினு மூடிடலாம்."

"கொஞ்சம் தொறந்தாலும் காத்து போயிடும் நைனா. உள்ள இருக்கறது எல்லாம் கரி. பத்திக்கும்."

கரிமூட்டம் போடுகிற ஊரில் பிறந்தவன் நான். மூட்டத்தை ஒருநாள் முன்னால் பிரித்தால் கரியெல்லாம் பற்றிக்கொண்டு சாம்பலாகிவிடும் என்பதைச் சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது எனக்கு நினைவில்லை. பத்தரை மட்டும்தான் நினைவில் இருந்தது. எல்லாரும் கேட்கும்படியாகவே சத்தம் போட்டேன். "நான் சொல்றேன், தொற." நீ ஸ்பேனரை எடுத்துத் துப்பட்டாவோடு இடுப்பில் செருகிக்கொண்டு, "தொறக்க மாட்டேன் நைனா" என்றாய். கத்தவில்லை. குரல் நடுங்கவுமில்லை. இட்லி இன்னும் வேகவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எதிர்த்துக் கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்திவிட்டு அடங்கியிருப்பேன்.

காயலாங்கடைக்காரனுக்கு ஸ்பேனருக்கா பஞ்சம்? வண்டி டிக்கியில் ஒரு கட்டே கிடந்தது. எடுத்து வந்து கதவின் கீழ் மூலையில் ஒரு நட்டைத் திருகினேன். அது இளகியதும் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது. நூல் மாதிரி கறுப்பாக ஒரு புகை கிளம்பியது. பழைய நாற்றம், ஏரிக்கரை நாற்றம். இரண்டாவது நட்டின் மேல் ஸ்பேனரை வைக்கப் போனபோது நீ கையுறை போட்ட உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு, "வாணாம் நைனா" என்றாய். உன் கையின் மேல் இரும்பை வைத்துத் திருக வேண்டும், அல்லது விட வேண்டும். களத்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது: "பொண்ணு வாணான்னுதே, வுடேன் அண்ணே." நான் ஸ்பேனரைத் தரையில் எறிந்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் பஜாரில் எல்லாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள் என்று வழியெல்லாம் புலம்பினேன். பெண்ணைப் படிக்க வைத்தால் இப்படித்தான் என்று உன் அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் கொட்டகையிலேதான் கேசரி பரிமாறிக்கொண்டிருந்தாள். "குக்கர் விசில் அடங்காம மூடியைத் தொறப்பியா நீ? மொதல்ல போய் மோர் குடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கடையைத் திறந்து உட்கார்ந்தேன். சாமான் வந்தால் எடை போட மனமில்லை. உனக்கு என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு பொழுது சாயச் சாயத்தான் வந்தது. பயமாகத்தான் வந்தது. அந்தக் கறுப்பு நூலை அஞ்சலை பார்த்திருப்பாள். வாக்கு வாக்குதான். இந்நேரம் பூட்டுப் போட்டிருப்பார்களோ, என் கையாலேயே மூடிவிட்டேனோ என்று வாசலுக்கும் தராசுக்குமாக நடந்தேன். வெயில் இறங்கியதும் கிளம்பி வந்தேன். வரும் வழியில் கொட்டகைக் கதவில் பூட்டு தொங்குகிறதா என்று தூரத்திலிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கதவு திறந்திருந்தது. நாற்காலிகளைக் காணோம். உலையும் திறந்திருந்தது. நீ கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து, வெந்த போர்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாய். கருகிய அப்பளம் மாதிரி அடுக்கு அடுக்காக உதிர்ந்தது. உதிர உதிர நடுவிலிருந்து செம்புத் தகடு மங்கலாகச் சிவந்து வந்தது. என்னைப் பார்த்து, "வா நைனா, கையுறை போட்டுக்கினு தொடு" என்றாய். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

நான் தகட்டைத் தொடுமுன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்று மூலையில் எல்லாம் கரேலென்று ஒழுங்காக அடுக்கு கலையாமல் இருந்தது. நான் நட்டைத் தளர்த்திய கீழ் மூலையில் மட்டும் வெள்ளைச் சாம்பல். அங்கே செம்பு கறுத்துப் பொரிந்து, உருகிய கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் எழுந்து போனதும் நீ அந்த நட்டை இறுக்கியிருக்கிறாய், அவ்வளவு குறைந்த நேரத்துக்குள் அவ்வளவு எரிந்திருக்கிறது. ஒரு நட்டுக்கு அந்தக் கதி. கதவே திறந்திருந்தால்? முன்வரிசையில் ஆசாரி இருந்தார், பூசாரி இருந்தார், கேசரித் தட்டோடு உன் அம்மா இருந்தாள், கதவுக்கு நேராக நீ இருந்தாய். அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டே நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். இந்த மூலையைப் பார்த்தாயா நைனா என்று நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு அத்தனை வலித்திருக்காது.

அப்போது அஞ்சலை வந்தாள். முந்தானையில் பச்சை மல்லாட்டை கட்டிக்கொண்டு வந்தாள். நான் எழுந்து நின்று, "அஞ்சலை, அந்தப் புகை..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை. "பார்த்தேன். பாக்காம எங்க போவேன்? அது உலைப் புகை இல்லண்ணே. உம் புகை. உனக்கு வேணா பூட்டுப் போடலாம், உலைக்குப் போடச் சொல்லி நான் ஒருத்தருக்கும் சொல்லல." நீ சிரித்துவிட்டாய். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு தகட்டைத் துடைத்து நீ என் கையில் கொடுத்தாய். அன்றைக்கு அது ராகு காலமா, எமகண்டமா, குளிகையா என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் மேல்மலையனூர் போய் அம்மன் முன்னால் நின்றபோது, நான் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன். எம் பொண்ணு என் பேச்சைக் கேக்காம இருந்ததுக்கு உனக்குக் கோடி புண்ணியம் தாயே என்றேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி திரும்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் எத்தனையோ உலை வைத்தாகிவிட்டது. வாரத்துக்கு வாரம் லாரி வருகிறது, தகடு போகிறது, கரியும் தூளும் தங்கம் பிரிக்கிற பெரிய இடத்துக்கு மூட்டையாகப் போகிறது. அஞ்சலையின் மல்லாட்டை பழையபடி காய்கிறது. இதற்கு நடுவில்தான் அவலூர்பேட்டையிலிருந்து உன்னைப் பார்க்க வந்தார்கள். நீ உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாய், அதனால் உனக்கு இது தெரியாது. மாப்பிள்ளையின் அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். "படிச்ச பொண்ணு, தொழில் பண்ற பொண்ணு, எல்லாம் சரிங்க. சொன்ன பேச்சு கேட்டு நடந்துக்குமா?" உன் அம்மா எதிரில் நின்று கண்ணால் ஆமாம் சொல், ஆமாம் சொல் என்கிறாள். நல்ல இடம். பையனும் உன் மனதுக்குப் பிடித்தவன். ஒரு வார்த்தையில் கெட்டுவிடுமோ என்று எனக்கும் பயம்தான். ஆனாலும் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"கேக்காதுங்க" என்றேன். உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. நாள் பார்த்தது, சாமியானா போட்டது, நட்டைத் திருகியது, அந்தச் சாம்பல் மூலை, எல்லாவற்றையும் சொன்னேன். காபி ஆறிப்போகிற வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் மகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வூட்ல அத்தினி பேரும் நான் சொன்னா கேக்கறவங்கதான். அதான் பயமா இருக்குது எனக்கு. வயசாவுது பாருங்க." அதற்குள் நீ கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாய். நான் விட்ட மூச்சு உனக்குக் கேட்டிருக்கும். முதலில் சொன்னேனே மூட்டை, அதை இறக்கி வைத்தது அங்கேதான்.

இந்த வாரம் முழுக்க உன்னைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லப்போகிறார்கள். அனுசரித்துப் போ, பெரியவர்கள் சொன்னால் கேள் என்பார்கள். தலையாட்டிக்கொள், ஆசையில் சொல்கிறவர்கள். பெற்றவன் நான் சொல்வது வேறு. உனக்குத் தெரிந்த வேலையில், எவ்வளவு பெரியவர் வந்து இப்போதே என்று நின்றாலும், எனக்குச் சொன்ன அதே குரலில் முடியாது என்று சொல். உன் புருஷன் முகம் சுருங்கும். மாமனார் காபியை வைத்துவிட்டு எழுந்து போவார். போகட்டும், பின்னாலேயே ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லாதே, உன் வேலையைப் பார். நானும் அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவன்தானே பாப்பா? வெயில் இறங்கியதும் வந்தேன் இல்லையா? அவர்களும் வருவார்கள்.